பள்ளியில் குழந்தைப் பாதுகாப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பேசப் போனால், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று மைக்கில் கேட்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து டீ வரும்போதும் செருப்பு மாட்டும்போதும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்படிக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். போக்சோ சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். நடைமுறை பற்றிச் சொல்வது தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து.

போக்சோ, போக்சோங்கிறாங்களே, அது பொம்பளப் புள்ளைங்களுக்கான சட்டம்தானே?

இல்லை. 18 வயது நிறையாத எவரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மீசை அரும்பி நிற்கும் பையனும் இதில் சேர்த்தி. முழுப்பெயர் "பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்". 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. 2019இல் திருத்தி, தண்டனைகளைக் கூட்டினார்கள்.

பையன்கள் விஷயத்தில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். பையன் சொன்னால் முதலில் வருவது சிரிப்பு, அடுத்து "ஆம்பளப் பையன்தானே, இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்ற பேச்சு. அதைக் கேட்ட பையன் இரண்டாவது தடவை வாய் திறப்பதில்லை.

தொட்டாத்தானே குற்றம்? பேசினதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?

போடுவார்கள். பாலியல் நோக்கத்தோடு பேசுவது, சைகை காட்டுவது, ஆபாசப் படம் காட்டுவது, விடாமல் பின்தொடர்வது, போனில் தொல்லை கொடுப்பது எல்லாமே 11ஆம் பிரிவில் பாலியல் துன்புறுத்தல். மூன்று ஆண்டுகள் வரை சிறை. தொட்டால் அது 7ஆம் பிரிவு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். தொட்டவர் பள்ளி ஊழியராக இருந்தால் 9ஆம் பிரிவுக்குப் போய்விடும், குறைந்தது ஐந்து ஆண்டுகள். குழந்தையை நம்பி ஒப்படைத்த இடத்திலேயே தவறு செய்தவருக்குத் தண்டனை கூடுதல். வாட்ச்மேன், அலுவலக உதவியாளர், தாளாளர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

"துணிக்கு மேலதானே தொட்டான்" என்றும் சிலர் கேட்பார்கள். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, உடலோடு உடல் நேரடியாகப் பட்டால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று ஒரு தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பார்க்க வேண்டியது நோக்கத்தை, துணியை அல்ல.

குட் டச், பேட் டச் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டோமே, போதாதா?

ஆரம்பம் என்ற அளவில் சரி. ஆனால் தவறு செய்கிறவர் முதல் நாளே முரட்டுத்தனமாக வருவதில்லை. சாக்லேட், கூடுதல் மார்க், "நீதான் என் ஃபேவரிட்" என்று படிப்படியாக வருவார். அந்தத் தொடுதல் குழந்தைக்குக் கெட்டதாகத் தெரியாமல் இருக்கலாம். பிறகு "கெட்டது" என்று தெரிய வரும்போது, தானும் கெட்டுவிட்டதாக நினைத்துக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அதனால் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. "இதை யார்கிட்டயும் சொல்லாதே என்று பெரியவர் யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் வந்து சொல்லணும்." இது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். இன்னொன்று, ஏழு வயதுக் குழந்தை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. வகுப்பு எடுத்து, போட்டோ எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பியதோடு பள்ளியின் வேலை முடிவதில்லை.

ஒரு புள்ள திடீர்னு வந்து மிஸ்கிட்ட சொல்லுது. அந்த மிஸ் முதல்ல என்ன செய்யணும்?

கேட்க வேண்டும். இது எளிதான வேலை இல்லை. குழந்தை நேராக விஷயத்துக்கு வராது. "அந்த சார் கிளாஸுக்குப் போக மாட்டேன்" என்று ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் "என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு நடந்துச்சு" என்று சொல்லும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த வார்த்தையைச் சொல்லும். நீங்கள் "ஐயையோ" என்று அலறினாலும், "அந்த சாரா? சே, இருக்காது" என்று இழுத்தாலும் அத்தோடு நின்றுவிடும். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்ற இரண்டு வாக்கியம் போதும்.

குழந்தை சொல்லாததை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இங்கே தொட்டாரா?" என்று கேட்டால் பதில் உங்களுடையதாகிவிடும், நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அது உங்களால் காப்பாற்ற முடியாத சத்தியம். "உனக்கு உதவி செய்யக்கூடிய ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பது உண்மையான பதில்.

குழந்தை போனதும் ஒரு தாளை எடுத்து, அது சொன்ன வார்த்தைகளை அதே வார்த்தைகளில் எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். "மாமா சூச்சா போற இடத்துல கை வச்சார்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். "பாலியல் சீண்டல் நிகழ்ந்ததாகத் தெரிவித்தார்" என்று திருத்தி எழுதினால் குழந்தையின் குரல் அதில் இருக்காது. அந்தக் குழந்தையை இன்னொரு ஆசிரியர் முன்னால் நிறுத்தி, "மறுபடி சொல்லு" என்று சொல்ல வைக்காதீர்கள்.

அது பொய் சொல்லுதோ என்னமோ! முதல்ல ஸ்கூல்லயே விசாரிச்சுப் பார்த்துட்டுப் புகார் குடுக்கலாமே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அதிகம் கெடுதல் செய்ததும் இந்த யோசனைதான். பள்ளி விசாரணை என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தலைமை ஆசிரியர் அறையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் குழந்தை நிற்கும். சம்பந்தப்பட்ட சாரையும் கூப்பிட்டு "நேருக்கு நேர் சொல்லு" என்பார்கள். குழந்தை அழும், பேச்சு வராது. "பார்த்தீங்களா, ஒண்ணும் நடக்கல" என்று கூட்டம் கலையும். அதற்குள் அந்த ஆள் போனில் இருப்பதை அழித்திருப்பார், பெற்றோருக்குத் தூது போயிருக்கும்.

சட்டம் பள்ளியிடம் தீர்ப்பு கேட்கவில்லை. 19ஆம் பிரிவு சொல்வது இதுதான்: குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தகவல் சொல்லு. உண்மையா பொய்யா என்று பார்ப்பது போலீஸ் வேலை, முடிவு செய்வது கோர்ட் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பெண் ஊழியர்களுக்கான உள்ளகப் புகார்க் குழுவை வைத்து இதை முடித்துவிடலாம் என்று சில பள்ளிகள் நினைக்கின்றன. அந்தக் குழுவின் விசாரணை போலீசுக்குச் சொல்வதற்கு மாற்று ஆகாது.

ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன். என் கடமை முடிஞ்சுதுல்ல?

முடியவில்லை. தகவல் சொல்லும் கடமை "எவரொருவருக்கும்" என்று சட்டத்தில் இருக்கிறது, "தலைமை ஆசிரியருக்கு" என்று இல்லை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை போகும். குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது. ஆகவே விஷயம் தெரிந்தும் சொல்லாத தோழியை மிரட்டாதீர்கள்.

ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே அவர் போலீசுக்குச் சொன்னாரா என்று கேளுங்கள். "பார்க்கலாம்மா, மேனேஜ்மென்ட்ல பேசிட்டு" என்று பதில் வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது, தனியார் பள்ளி ஆசிரியைக்கு அது சின்னப் பயம் இல்லை. ஆனால் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் சொல்லாமல் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு மருத்துவர்.

யார்கிட்டச் சொல்றது? 1098-ஆ, 14417-ஆ, ஸ்டேஷனா?

சட்டம் பெயர் சொல்லும் இடம் இரண்டுதான்: சிறப்புச் சிறார் காவல் பிரிவு, உள்ளூர் காவல் நிலையம். நம் ஊரில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகிறோம், அதுவும் சரி. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், குழந்தையே கூப்பிடலாம். 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண். இரண்டும் பாடப்புத்தகத்தில் அச்சாகி வந்தன. பெயர் சொல்லப் பயப்படும் குழந்தைக்கு இவை பெரிய வாசல். ஆனால் ஆசிரியராக உங்கள் கடமை போலீசில் பதிவாக வேண்டும். "1098க்குப் போன் பண்ணிட்டேன்" என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்தது என்பதற்கான சீட்டு, மட்டும் கொடுத்து அனுப்பினால் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசம். "எங்க லிமிட் இல்ல" என்பதும் பதில் இல்லை. எல்லை எதுவானாலும் பதிவு செய்துகொண்டு, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரருக்கும் முன்பு சொன்ன அதே 21ஆம் பிரிவுதான்.

அப்போ குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணுமா? அதுவே பயந்துருமே.

வேண்டியதில்லை. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. அம்மா அப்பாவோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். ராத்திரி நேரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையும் நம்பிக்கையானவர் முன்னிலையில்தான், பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான்.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஒரு துணை நபரை அந்தக் குழு நியமிக்கலாம். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இது இருக்கிறது, பலர் கேட்டுப் பெறுவதில்லை. கேளுங்கள். கோர்ட்டில் மூடிய அறையில் விசாரணை நடக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் திரை இருக்கும். இடைக்கால இழப்பீடும் கோரலாம்.

ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா புள்ள வாழ்க்கை என்னாகும்?

குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்பம், பள்ளி, தெரு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊடகத்துக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "எந்த கிளாஸ்? எந்த செக்‌ஷன்?" என்று துருவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள். ஆனால் "7 பி" என்று ஒருவர் போட்டாலே மீதியை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளிக்குள்ளும் இதே கவனம் வேண்டும். ஸ்டாஃப் ரூமில் தெரிய வேண்டியது வகுப்பாசிரியருக்கும் ஹெச்.எம்.முக்கும் மட்டும். குழந்தையிடம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது அநியாயம். வெளியே போக வேண்டியது அது இல்லை.

அவங்க அப்பா அம்மாவே கேஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் நமக்கென்ன?

எழுதிக் கொடுத்தாலும் கடமை போகாது. இது இரண்டு குடும்பத்துக்கு இடையிலான வாய்க்கால் தகராறு இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் மாணவியின் அப்பா புகார் கொடுத்து, பிறகு சமாதானமாகிவிட்டதாக எழுதிக் கொடுத்தார். உயர் நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, வழக்கைத் தொடரச் சொன்னது. ஊர்ப் பஞ்சாயத்து, பணம், காலில் விழுவது எதுவும் இதில் செல்லாது.

பெற்றோரைத் திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை. கூலிக்குப் போகிறவர்கள், வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் அன்றைய சம்பளம் போகும். மேலே சொன்ன துணை நபரும் இலவச சட்ட உதவியும் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.

அந்த சாரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பிரச்சினை முடிஞ்சுதுன்னு ஹெச்.எம். சொல்றார்.

வேறு ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பணியிட மாற்றம் தண்டனையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தமிழ்நாட்டில் 2012இலேயே, இப்படிப்பட்ட குற்றம் நிரூபணமான ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்று அரசாணை வந்துவிட்டது.

எங்க டீச்சர்ஸ் எல்லாம் நல்லவங்க. வேன் டிரைவர், கராத்தே மாஸ்டர், வெளியிலிருந்து கேம்ப் நடத்த வர்றவங்களுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?

உங்கள் வளாகத்துக்குள் அனுமதித்தது நீங்கள்தானே. 2020 விதிகளின்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் ஒவ்வொரு ஊழியருக்கும், ஒப்பந்தத்தில் வந்தவர் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். சேரும்போது ஒரு தடவை செய்தால் போதாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் நடந்தது. அது போலி முகாம். நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை. அங்கே தங்கிய மாணவிக்குக் கொடுமை நடந்தது, அதை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். "நீங்க யாரு, ஆர்டர் காட்டுங்க" என்று முதல் நாள் ஒருவர் கேட்டிருந்தால் முகாமே நடந்திருக்காது. முகாம் என்றால் இரவு யார் எங்கே தூங்குகிறார்கள், பெண் ஆசிரியர் யார் கூட இருக்கிறார் என்பதையும் எழுத்தில் கேட்பது மேலாண்மைக் குழுவின் உரிமை. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், தயங்காதீர்கள்.

அடிக்கிறதும் இதுல வருமா? "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்"னு நாங்களே சொல்லித்தானே சேர்த்தோம்?

போக்சோவில் வராது, ஆனாலும் சட்டவிரோதம்தான். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடல் தண்டனையை 2003இல் எடுத்துவிட்டார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சாதியைச் சொல்லித் திட்டுவது, கழிப்பறை கழுவச் சொல்வது, ஃபீஸ் கட்டாத குழந்தையை வெளியே நிறுத்துவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் செல்லாது. அடிவாங்கியே பழகிய குழந்தை, பெரியவர் தன் உடம்பை என்ன செய்தாலும் சரிதான் என்று நினைத்துக்கொள்ளும். இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் சேர்த்ததே அதற்காகத்தான்.

ரெண்டு பசங்களுக்குள்ளயே நடந்துச்சுன்னா? ரெண்டும் நம்ம புள்ளைங்கதானே.

முதலில் வயதைப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது ஆர்வம், அதைக் குற்றமாக்காதீர்கள். வயதுக்கு மீறிய செயலைக் காட்டினால், எங்கே கற்றுக்கொண்டது என்று யோசியுங்கள். அந்தக் குழந்தைக்கே யாராவது அதைச் செய்திருக்கலாம். பெரிய பையன் சின்னப் பையனை மிரட்டிச் செய்தது போன்றவற்றில் தகவல் கடமை அப்படியே இருக்கிறது. 18க்குக் கீழ் இருப்பவர் வழக்கமான கோர்ட்டுக்குப் போகாமல் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார். அங்கே நோக்கம் திருத்துவது.

பிளஸ் ஒன் பையனும் பொண்ணும் லவ் பண்றாங்க. லெட்டர் சிக்கிச்சு. இதையும் போலீசுக்குச் சொல்லணுமா?

லெட்டர் குற்றம் இல்லை. அதைப் பிரேயரில் படித்துக் காட்டுவதுதான் கொடுமை, தயவுசெய்து செய்யாதீர்கள். உடல் உறவு நடந்தது என்று தெரிந்தால் சிக்கல் வருகிறது. 18க்குக் கீழே சம்மதம் சட்டத்தில் செல்லாது, தகவல் கடமையும் வந்துவிடுகிறது. அந்தக் கடமையில் விலக்கு இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த இடத்தில் சட்டம் பிள்ளைகளை நசுக்குகிறது என்பது என் கருத்து. சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, இதைப் பற்றி நிறையவே பேசியது. காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். சாதி மாறிய காதலைப் பிரிக்கப் பெற்றோரே இந்தச் சட்டத்தை எடுப்பதும் நடக்கிறது.

ஒருவர் மாணவி, மற்றவர் அவளுடைய ஆசிரியர் என்றால் மேலே சொன்ன தயக்கம் எதுவும் வேண்டாம். அதற்குப் பெயர் காதல் இல்லை.

மார்க் குறைச்சதுக்குப் பொய்ப் புகார் குடுத்தா எங்க கதி? ஆம்பள டீச்சர்ஸ் நாங்க நடுங்கிட்டு இருக்கோம்.

வேண்டுமென்றே அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்கு 22ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. புகார் நிரூபணமாகவில்லை என்பதாலேயே பொய்ப் புகார் ஆகிவிடாது. பொய் சொன்னது குழந்தை என்றால் தண்டனை இல்லை.

உங்களைக் காத்துக்கொள்ளும் பழக்கங்களே குழந்தையையும் காக்கும். கதவை மூடிக்கொண்டு ஒரே மாணவரோடு இருக்காதீர்கள், லேபானாலும் சரி. மாணவிக்குத் தனி மெசேஜ் வேண்டாம், வகுப்புக் குழுவில் போடுங்கள். முதலுதவி, விளையாட்டுப் பயிற்சி என்று தொட வேண்டியிருந்தால், "கையைப் பிடிக்கிறேன், சரியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சார், இது எனக்கே நடந்தது. ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ சொல்லலாமா?

ஒருவர் எல்லாரும் போன பிறகு கேட்டார். சொல்லலாம். குழந்தையாக இருந்தபோது நடந்ததைப் பெரியவரான பிறகும் போக்சோவில் புகார் செய்யலாம் என்று மத்திய அரசே 2018இல் தெளிவுபடுத்தியது. 2012 நவம்பர் 14க்கு முன்னால் நடந்ததென்றால் போக்சோ பொருந்தாது, அன்றிருந்த இந்திய தண்டனைச் சட்டம்தான். அதில் கால வரம்பு இடிக்கும் பிரிவுகளும் உண்டு, ஆகவே வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகப் பார்க்கலாம்.

வழக்கு வேண்டாம், சொன்னால் போதும் என்று நினைத்தாலும் அது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், இன்னும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாரா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டியூஷன் நடத்துறார்" என்றார்.